உச்சி என்பது பாதி வழிதான்!

வீடு வாடகைக்குக் கேட்டால் பத்து மாச அட்வான்ஸ் கேட்பார்கள். கேஸ் கனெக்ஷனுக்கு டெபாசிட் கேட்பார்கள். மலை ஏறப் போகிறவனிடம் டெபாசிட் கேட்ட கதை தெரியுமா உங்களுக்கு?

2022 ஆகஸ்ட். பிரான்ஸ் நாட்டில் சேன் ஜெர்வே என்று ஒரு மலையடிவார ஊர். அதன் மேயர் திடீரென்று ஓர் அறிவிப்பு விட்டார். 'எங்கள் ஊர் வழியாக மோன் பிளான் சிகரம் ஏறுகிறவர்கள் ஆளுக்கு 15,000 யூரோ முன்பணம் கட்ட வேண்டும்!' சும்மா ரவுண்டாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. கணக்கையும் பிரித்துக் கொடுத்தார். தேடி மீட்கிற செலவுக்கு 10,000. மிச்சம் 5,000? அடக்கச் செலவு!

பி.காம். படித்தவன் என்ற முறையில் அந்த இரண்டாவது ஐட்டம் எனக்கு ரொம்பவே பிடித்துப்போனது. அக்கவுன்டன்ஸியில் 'புரொவிஷன்' என்போமே, அசல் அதுதான். நாளைக்கு வரக்கூடிய செலவுக்கு இன்றைக்கே எடுத்து வைப்பது. என்ன ஒன்று... செலவு வந்துவிட்டால், கட்டினவர் வந்து ரசீதைச் சரிபார்க்க மாட்டார்!

மேயர் தமாஷுக்குச் சொல்லவில்லை. அந்தக் கோடையில் ஐரோப்பா அடுப்பு மாதிரிக் கொதித்தது. மலையிலிருந்து கற்கள் உருண்டபடி இருந்தன. உள்ளூர் வழிகாட்டிகளே அந்தப் பாதையில் ஆட்களைக் கூட்டிப்போவதை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் 'ஒரு கை பார்த்துடலாம்' என்று கிளம்பிப்போகிற ஆசாமிகள் குறையவில்லை. மேயருக்கு வந்த கோபம்தான் அந்த 15,000. சொன்னபடி யாரிடமும் டெபாசிட் வசூலாகவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் இத்தாலி மேயரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குப் பதில் வழியில் இருந்த இரண்டு தங்கும் விடுதிகளை இழுத்து மூடினார்கள். படுக்க இடம் இல்லையென்றால் எப்படிப் போவான்?

அப்படி என்னதான் இருக்கிறது அந்த மலையில்?

உழைப்பு ஒருத்தருக்கு, பெயர் இன்னொருத்தருக்கு

ஆல்ப்ஸ் மலைத் தொடரில் 4,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்கள் 82 என்று ஒரு பட்டியல் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அண்ணன் மோன் பிளான். 'மான்ட் பிளாங்க்' என்று மானேஜர் சட்டைப் பையில் வெள்ளை நட்சத்திர மூடியோடு எட்டிப் பார்க்குமே ஒரு பேனா, அது இந்த மலையின் பெயர்தான். நட்சத்திரம், உச்சிப் பனிக்கு அடையாளம். நிப்பில் '4810' என்று பொறித்திருக்கும். அது மலையின் உயரம், மீட்டரில்!

1760-ல் சொசூர் என்கிற ஜெனீவா விஞ்ஞானி, 'இதன் உச்சிக்கு வழி கண்டுபிடிக்கிறவருக்குப் பரிசு' என்று அறிவித்தார். பரிசை வாங்க 26 வருஷம் ஆளே இல்லை. மேலே பிசாசு இருக்கிறது என்று ஊரில் பேச்சு. கடைசியில் 1786 ஆகஸ்ட் 8-ம் தேதி இரண்டு பேர் உச்சியைத் தொட்டார்கள். ஒருவர் ஷமோனி ஊர் டாக்டர் பக்கார். இன்னொருவர் மலையில் ஸ்படிகக் கற்கள் பொறுக்கி விற்கிற பால்மா. இடுப்பில் கயிறு இல்லை, ஐஸ் கோடரி இல்லை. கையில் நீளமான கம்பு, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் நடந்ததுதான் நம் ஆபீஸ் கதை. பால்மா கீழே வந்து, 'நான்தான் ஏறினேன், டாக்டரை இழுத்துக்கொண்டு போனேன்' என்கிற மாதிரிக் கதை கட்டிவிட்டார். ஊரும் நம்பியது. 1887-ல் ஷமோனி நடுவே சிலை வைத்தார்கள். பால்மா உச்சியைக் கை நீட்டிக் காட்ட, பக்கத்தில் சொசூர் அண்ணாந்து பார்க்கிறார். டாக்டர்? ஆளே இல்லை! அவருக்குத் தனியாக ஒரு சிலை வைக்க 1986 ஆயிற்று. சரியாக 200 வருஷம். உங்களுக்கு வரவேண்டிய புரமோஷன் இரண்டு வருஷம் தள்ளிப்போனதற்கு இனிமேல் புலம்பாதீர்கள், சார்!

ராத்திரி ரெண்டு மணிக்கு என்ன அவசரம்?

சம்மர் என்றால் இங்கே நாம் ஓடி ஒளிகிறோம். அங்கே ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அதுதான் மலை ஏறும் சீஸன். புதுப் பனி இறுகிப் படிந்திருக்கும். விடுதிகள் திறந்திருக்கும். பகல் நீளம். எல்லாம் சரி. ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பிக் கிளப்புகிறார்களே, அது ஏன்?

காரணம் எளிமையானது. உயரத்தில் உடைந்து கிடக்கும் பாறைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கிற சிமென்ட் எது தெரியுமா? ஐஸ்! ராத்திரி குளிரில் சிமென்ட் கெட்டியாகிறது. வெயில் ஏறினால் இளகுகிறது, கல் கழன்று கிளம்புகிறது. பனிப்பாலங்களும் அப்படியே. ஆற்றைப்போல மெதுவாக நகரும் பனிப்பாறையில் ஆழமான வெடிப்புகள் இருக்கும். அதன்மேல் மூடியிருக்கும் பனி விடியற்காலையில் தாங்கும், மத்தியானம் காலை வாரும். போதாக்குறைக்குப் பிற்பகலில் இடியும் மின்னலும். ஆகவே மலைக்காரர்களுக்கு ஆபீஸ் டைம் ராத்திரி ரெண்டிலிருந்து மத்தியானம் பன்னிரண்டு வரை. அதற்குமேல் ஓவர்டைம் செய்தால் சம்பளம் கிடையாது. சில சமயம் ஆளே கிடையாது.

இப்போது புதுப் பிரச்னை, அந்த ராத்திரிக் குளிரே வராமல் போகிறது. காற்றில் எந்த உயரத்தில் வெப்பம் பூஜ்யம் டிகிரி ஆகிறது என்று ஸ்விட்சர்லாந்தில் பலூன் விட்டு அளக்கிறார்கள். 2022 ஜூலை 25-ம் தேதி அந்தக் கோடு 5,184 மீட்டருக்குப் போனது. 2023 ஆகஸ்டில் 5,298. அதாவது, மோன் பிளான் உச்சிக்கும் மேலே! பூஜ்யத்தைத் தேடி மலை உச்சியில் நின்றாலும் எட்டவில்லை. அந்த இரண்டு வருஷத்தில் மட்டும் ஸ்விட்சர்லாந்தின் பனிப்பாறைகளில் பத்து சதவிகிதம் கரைந்து போனது. முதலில் கை வைத்தால் வட்டியும் போகும் என்று சொல்வதற்கு பொருளாதார மேதை வேண்டுமா என்ன?

மலையே குள்ளமாகியிருக்கிறது. உச்சியில் இருப்பது பாறை அல்ல, பனித் தொப்பி. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அளக்கிறார்கள். 2021-ல் 4,807.81 மீட்டர். 2023-ல் 4,805.59. பேனா மட்டும் இன்னும் 4810-லேயே நிற்கிறது!

பனி கொடுத்த ரசீது

இந்த மலைக்கும் நமக்கும் ஒரு சோகமான உறவு உண்டு. 1950 நவம்பரில் ஏர் இந்தியாவின் 'மலபார் பிரின்சஸ்' விமானம் ஜெனீவாவில் இறங்கப் போகும்போது இதன்மேல் மோதி 48 பேர் இறந்தார்கள். 1966 ஜனவரி 24-ம் தேதி 'காஞ்சன்ஜங்கா' என்கிற போயிங், ஏறக்குறைய அதே இடத்தில் மோதியது. 117 பேர். அதில் ஒருவர் ஹோமி பாபா, நம் அணுசக்தித் திட்டத்தின் தந்தை.

பனி எல்லாவற்றையும் மூடிவிட்டது. ஆனால் முழுங்கவில்லை. பனிப்பாறை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நகர்கிறது அல்லவா? அதோடு பொருள்களும் வருகின்றன. 2012-ல் நம் வெளியுறவு அமைச்சகத்தின் தபால் பை ஒன்று கிடைத்தது, 46 வருஷம் கழித்து! 2020-ல் 1966-ம் வருஷத்து இந்தியப் பத்திரிகைகள் வெளிவந்தன. தலைப்புச் செய்தி, இந்திரா காந்தி பிரதமராகிறார் என்பது. அச்சு கலையவில்லை.

2013-ல் ஓர் இளைஞன் மலை ஏறப் போனவன், பனியில் ஒரு பெட்டியைப் பார்த்தான். திறந்தால் மரகதம், மாணிக்கம், நீலக்கல்! எடுத்த எடுப்பில் போலீஸில் கொண்டுபோய்க் கொடுத்தான். சொந்தக்காரர் யாரென்று தேடினார்கள், கிடைக்கவில்லை. 2021-ல் சட்டப்படி பாதி அவனுக்கு, பாதி ஷமோனி நகராட்சிக்கு. அவன் பங்கு மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் யூரோ. எட்டு வருஷம் கழித்து வந்தாலும் நாணயத்துக்கு வட்டி உண்டு.

இறங்கும்போதுதான் கண்டம்

ஏறுவதில்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். மேட்டர்ஹார்ன் கதையைக் கேளுங்கள். ஸ்விட்சர்லாந்து இத்தாலி எல்லையில் பிரமிட் மாதிரி நிற்கும் 4,478 மீட்டர் சிகரம். 1865 ஜூலை 14-ம் தேதி, எட்வர்ட் விம்ப்பர் என்ற 25 வயசு ஆங்கிலேயர் தலைமையில் ஏழு பேர் உச்சியில் நின்றார்கள். முதல் வெற்றி. கீழே இத்தாலிக்காரர்கள் போட்டிக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தெரியட்டும் என்று மேலேயிருந்து கல்லை உருட்டிக் கத்தினார்கள். சந்தோஷம் தாங்கவில்லை!

இறங்க ஆரம்பித்தார்கள். ஏழு பேரும் கயிற்றால் பிணைத்துக்கொண்டு. அதில் ஹேடோ என்கிற பையனுக்கு 19 வயசு. அனுபவம் கம்மி. கால் வழுக்கியது. முன்னால் இருந்த வழிகாட்டி குரோவைத் தள்ளிக்கொண்டு போனான். அவர்களோடு இன்னும் இருவர் இழுபட்டார்கள். மேலே இருந்த மூவரும் பாறையை இறுகப் பிடித்துக்கொள்ள, கயிறு நடுவில் அறுந்தது. நாலு பேர் போனார்கள். மூன்று உடல்கள் கிடைத்தன. டக்ளஸ் என்ற பிரபுவின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

அன்றைக்கு அறுந்தது, இருந்ததிலேயே மெல்லிய கயிறு. தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று கொண்டுபோனது. கிழ வழிகாட்டி டௌக்வால்டர், தான் பிழைக்கக் கயிற்றை அறுத்துவிட்டார் என்று வதந்தி கிளம்பியது. விசாரணை அவர்மேல் குற்றமில்லை என்றது. வதந்தி மட்டும் கடைசிவரை அவரை விடவில்லை. அந்தக் கயிற்றுத் துண்டு இன்றைக்கும் செர்மாட் ஊர் மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. வேட்டி உலர்த்தும் கயிறு மாதிரிதான் இருக்கிறது.

உச்சியில் நிற்கும்போது எல்லாருக்கும் ஒரு 'முடிஞ்சது' வரும். உண்மையில் முடிந்தது பாதிதான். கால் களைத்து, பனி இளகி, கவனம் சிதறி நிற்கும்போது மிச்சப் பாதி ஆரம்பிக்கிறது.

டெத் ரூஸில் ஒரு ராத்திரி

என்னோடு பி.காம். படித்தவன் ஜெனீவாவில் வேலையாக இருக்கிறான். 2024 ஜூலைக் கடைசியில் அவனோடு அந்தப் பக்கம் போனேன். முதல் நாள் ஷமோனியிலிருந்து கேபிள் கார். 1,035 மீட்டரில் ஏறினால் இருபதே நிமிஷத்தில் 3,842-ல் இறக்கிவிடுகிறார்கள். தலை கல் மாதிரி கனத்தது. "டேய், என்னடா பண்ணுது?" என்றான் நண்பன். "லிஃப்ட் வேகமாப் போயிடுச்சு, ரத்தம் பின்னாடி படியேறி வருது" என்றேன். உயரத்துக்கு உடம்பு பழக நாள் வேண்டும். 3,000 மீட்டரைத் தாண்டினால், படுக்கிற இடத்தை தினம் 500 மீட்டருக்குமேல் உயர்த்தக் கூடாது என்பது பொது விதி. மோன் பிளான் உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். தண்ணீர் 84 டிகிரியிலேயே கொதித்துவிடும். டீ என்ற பெயரில் கலர் தண்ணீர்தான் குடிக்கலாம்.

இரண்டு மூன்று நாள் பழகிக்கொண்டு, மலை டிராம் ரயில் பிடித்து, அது விட்ட இடத்திலிருந்து நடந்து 3,167 மீட்டரில் ஒரு விடுதிக்குப் போய்ச் சேர்ந்தோம். பெயர் 'டெத் ரூஸ்'. பயப்படாதீர்கள். பிரெஞ்சில் 'டெத்' என்றால் தலை. செந்தலை என்று அர்த்தம். நாங்கள் போனது அதுவரைதான். நடந்து போகிறவனுக்கு அங்கே எல்லை முடிகிறது. ஏறுகிறவனுக்கு அங்கேதான் ஆரம்பம்.

விடுதிக்கு மேலே, மலையின் முகத்தில் ஒரு பெரிய வாய்க்கால் மாதிரி சரிவு இறங்குகிறது. அதைக் குறுக்கே கடந்தால்தான் எதிர்ப்பக்கப் பாறை முதுகைப் பிடித்து, 3,835 மீட்டரில் இருக்கும் 'கூட்டே' விடுதிக்கு ஏற முடியும். கடக்கிற நேரம் ஒரு நிமிஷம். ஆனால் மேலிருந்து கல் விழுகிற வாய்க்கால் அது. 1990-லிருந்து 2017 வரை இந்த ஒரு பகுதியில் மட்டும் நூறு பேருக்குமேல் இறந்திருக்கிறார்கள். 'மரண வாய்க்கால்' என்றே ஊரில் பெயர். சாயந்திரம் வாசலில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் சத்தம் கேட்கும், தண்ணி லாரி கல்லில் ஏறுகிற மாதிரி. அப்புறம் புழுதி. அப்புறம் மௌனம். அப்புறம் ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் குனிந்து ஓடுவார்கள்.

சாப்பாட்டு மேஜையில் எதிரே ஒரு போலந்துப் பையன். 27 வயசு. பாங்க் உத்தியோகம். நானும் கணக்குப் பையன் என்றதும் ஒட்டிக்கொண்டான். இரண்டு வருஷச் சேமிப்பாம். வழிகாட்டிக்கு மட்டும் ஆயிரம் யூரோவுக்கு மேல். பூட்ஸ், முள் தகடு, கோடரி, பிளேன், விடுதி... கையில் இருந்த சின்ன நோட்டில் எல்லாம் எழுதி வைத்திருந்தான். லீவு அஞ்சு நாள். "நாளைக்கு விட்டால் எனக்குச் சான்ஸ் இல்லை" என்றான். அப்பாவிடம் உச்சியிலிருந்து போன் பண்ணுவதாகச் சொல்லியிருக்கிறானாம்.

ராத்திரி ரெண்டரைக்கு எல்லாரும் எழுந்தார்கள். அவன் வழிகாட்டி, ஐம்பது தாண்டிய மனிதர், வெளியே போய்ப் பனியில் பூட்ஸை ஊன்றிப் பார்த்தார். கணுக்கால்வரை இறங்கியது. வானத்தைப் பார்த்தார். நட்சத்திரமே இல்லை, மேகம் கம்பளி மாதிரிப் போர்த்தியிருந்தது. வெளியே போக வேண்டிய சூட்டை அது விடாது. தூரத்தில் ஒரு கல் உருளும் சத்தம். அந்த நேரத்தில் கல் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

"ராத்திரி உறையலை. நாம போகலை" என்றார். அவ்வளவுதான்.

பையன் கெஞ்சினான். பணத்தைச் சொன்னான், லீவைச் சொன்னான், அப்பாவைச் சொன்னான். "மத்தவங்க போறாங்களே!" என்றான். நிஜம்தான். நாலைந்து விளக்குகள் வாய்க்காலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. வழிகாட்டி பதிலே சொல்லாமல் காபி போட உள்ளே போனார்.

இந்த இடத்தில் காமர்ஸ்காரனாக ஒன்று சொல்ல வேண்டும். 'சங்க் காஸ்ட்' என்று காஸ்டிங் பேப்பரில் இரண்டு மார்க் கேள்வி வரும். மூழ்கிப்போன செலவு. இனி என்ன செய்தாலும் திரும்பி வராத பணம். அதை அடுத்த முடிவில் சேர்க்காதே என்பது பாடம். டிக்கெட் வாங்கியாச்சே என்று படு போர் படத்தைக் கடைசிவரை பார்க்கிறோமே, அந்த வியாதி. தியேட்டரில் மூணு மணி நேரம் போகும். வாய்க்காலில்? பையன் கட்டின பணம் போனது போனதுதான், மேலே ஏறினாலும் போனதுதான். மிச்சம் இருந்த ஒரே கேள்வி, கல் விழுமா விழாதா. அந்தக் கேள்விக்கு நோட்டில் இருந்த ஒரு எண்ணும் பதில் சொல்லாது.

ஒன்பதரைக்குக் கல் விழுந்தது. சூட்கேஸ் சைஸில் ஒன்று, பின்னாலேயே சில்லறை. அந்த நேரம் வாய்க்காலில் யாரும் இல்லை. விளக்கோடு போனவர்களும் பத்திரமாக மேல் விடுதிக்குப் போய்ச் சேர்ந்ததாக வயர்லெஸ்ஸில் செய்தி வந்தது. பையன் முகம் செத்துவிட்டது. "பாத்தீங்களா? அவங்க போயிட்டாங்க!"

வழிகாட்டி முதல்முறையாக நிறையப் பேசினார். "போயிட்டாங்க, சந்தோஷம். சிவப்பு விளக்கைத் தாண்டிப் போறவன் தினமும் அடிபட மாட்டான். அதனால சிவப்பு பச்சை ஆயிடுமா? நான் இதுல முப்பது வருஷம் நடந்திருக்கேன். அதிர்ஷ்டத்தை நம்பி நடந்திருந்தா மூணு வருஷம்கூட நடந்திருக்க மாட்டேன்."

உங்களுக்கும் ஆசையா?

படிக்கும்போதே கால் பரபரக்கிற இளைஞர்களுக்கு நாலு வரி. முதலில் நம் ஊரிலேயே கற்றுக்கொள்ளுங்கள். டார்ஜிலிங்கில் 1954-லிருந்தும், உத்தர்காசியில் 1965-லிருந்தும் மலையேற்றப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. சுமார் நாலு வாரப் படிப்பு. கயிறு, முடிச்சு, கோடரி எல்லாம் கையில் பழகும். லீவுதான் கொஞ்சம் இடிக்கும். உயரத்தில் தலைவலியோடு வாந்தி வந்தால் மேலே ஏறாதீர்கள். குறையவில்லை என்றால் இறங்குங்கள். அதற்கு இறக்கத்தைவிட நல்ல மருந்து இல்லை. எத்தனை மணிக்குத் திரும்புவது என்று கீழேயே முடிவு பண்ணுங்கள். மேலே போனால் மூளையும் பாதிக் காற்றில்தான் வேலை செய்யும். ஐரோப்பா போனால் இன்ஷூரன்ஸில் மலை மீட்பு சேர்ந்திருக்கிறதா என்று சின்ன எழுத்தையும் படியுங்கள். ஆபத்து என்றால் 112.

அந்தப் பையனும் எங்களோடுதான் டிராமில் இறங்கினான். பாதி வழிவரை பேசவில்லை. அப்புறம் நோட்டை எடுத்து, கடைசியில் ஒரு கோடு போட்டுக் கூட்டினான். எதிரே இருந்த வழிகாட்டியைப் பார்த்து, "அடுத்த வருஷம் ஜூன்ல தேதி இருக்கா?" என்றான்.

"இருக்கு."

"மலை?"

பெரியவர் ஜன்னலுக்கு வெளியே திரும்பிப் பார்த்தார். "அது எங்க போகப்போகுது? ஒரு ரெண்டு மீட்டர் குறைஞ்சிருக்கும், அவ்வளவுதான். உனக்குச் சுலபம்!"

பையன் சிரித்துவிட்டான். சிக்னல் கிடைத்ததும் போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டான்.